முதல் மாணவனான கிளை

ஒரு காட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்றே தனி வகுப்பு நடந்தது. வாத்தியார் காட்டெருமை. "மூளை நிரம்பி வழிந்தால்தான் அது கொம்பாக முளைக்கும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. கொம்பு இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. நத்தைக்குக்கூட இடம் கிடைத்துவிட்டது!

செவந்தி என்ற பெண் புள்ளிமானுக்குத்தான் கிடைக்கவில்லை. படிப்பென்றால் அவளுக்கு உயிர். கொம்பு முளைத்த தம்பி உள்ளே உட்கார்ந்து கொட்டாவி விடுவான். இவள் புதருக்குப் பின்னால் நின்று பாடம் கேட்பாள்.

"ஐயா, என்னையும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன்!"

"கொம்பில்லாத தலையில் கேள்வியை எங்கேம்மா மாட்டுவது? போ, போய்ப் புல்லைத் தின்னு."

மறுநாள் செவந்தி ஒரு காய்ந்த கிளையைக் கொடியால் தலையில் கட்டிக்கொண்டு வந்தாள்.

வாத்தியார் அசந்துபோனார். "அடேயப்பா, கொம்பில் எத்தனை பிரிவு! சொல்லு ராசா, ஓடை வற்றினால் தண்ணீரை எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"பொழுது சாயும்போது புறாக்கூட்டம் எந்தப் பக்கம் பறக்கிறதோ, அந்தப் பக்கம் போவேன் ஐயா."

"பலே! இவன்தான் வகுப்பிலேயே முதல்!"

"இவன் இல்லை ஐயா, இவள்!" செவந்தி கிளையை அவிழ்த்துக் கீழே வைத்தாள். "இனி எனக்கு இடம் உண்டுதானே?"

வாத்தியார் அவளைப் பார்த்தார். கிளையைப் பார்த்தார். தாடையை அசைத்தார்.

"அப்படியானால் பதில் சொன்னது கிளைதான். நீ சும்மா தூக்கி வந்திருக்கிறாய். இடம் அதற்கு. நீ கிளம்பு!"

கிளை முன்வரிசையில் அமர்ந்தது. சேட்டை இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. "என்ன அடக்கம், என்ன அடக்கம்!" என்று வாத்தியார் உருகினார்.

கோடை வந்தது, ஓடை வற்றியது. வாத்தியார் கிளையிடம் பணிவாக வழி கேட்டார். காற்றடித்தது. கிளை மேற்கே சாய்ந்தது. கொம்புள்ளவர்கள் எல்லோரும் மேற்கே நடந்தார்கள். அங்கே பாறையும் முள்ளும்தான்.

நாக்கு வறண்டு திரும்பியபோது எதிரே செவந்தி. அவள் பின்னால் முயலும் காட்டுப்பன்றியும் ஈரக்காலோடு வந்தன.

"வாங்க ஐயா, குளம் பக்கத்தில்தான்" என்று அழைத்துப்போனாள்.

வயிறு முட்டக் குடித்த பிறகுதான் வாத்தியாருக்குப் பேச்சு வந்தது. "செவந்தி, நாளையிலிருந்து நீ வகுப்புக்கு வாம்மா."

"முயலும் பன்றியும் கூட வந்தால் வருகிறேன்."

"வரட்டும், வரட்டும். ஆனால் கிளையை எங்கே உட்கார வைப்பேன்? பாவம், முகம் வாடிவிடுமே!"

"அது கரையான்களுக்குப் பாடம் எடுக்கட்டும் ஐயா."

நீதி: அறிவைக் கேட்டு அறிந்துகொள், தோற்றத்தைப் பார்த்து யாருக்கும் கதவைச் சாத்தாதே.