மகள் வீட்டுக்கு வர

எங்கள் மெதடிஸ்ட் சபைக்கு மாற்றலாகி வந்த புதுப் போதகர் ஒரு பெண். பெயர் ஹெப்சிபா. வயது நாற்பது இருக்கும். பாஸ்டரம்மா என்றால் பாஸ்டரின் மனைவி என்றுதான் எங்களுக்குப் பழக்கம். வந்த புதிதில் யாராவது போன் செய்து, பெண் குரல் கேட்டதும், "பாஸ்டர் இல்லீங்களா?" என்று கேட்பார்கள்.

"இருக்கேன், சொல்லுங்க" என்பார் அவர்.

எனக்கு அறுபத்து நாலு. முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்து, பச்சைக் கொடி காட்டி வண்டிகளை அனுப்பியவன். இவ்வளவு சின்னவரிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று முதலில் முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு செவ்வாய்க்கிழமை வகுப்புக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார ஆரம்பித்தேன். பத்துப் பேர்தான் வட்டமாக உட்காருவோம். பிரசங்கம் எதுவும் கிடையாது. எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

"இந்த வாரம் விசுவாசத்தை எங்கே வாழ்ந்து காட்டினீங்க?"

ஒருத்தர் ஆபீஸ் என்பார். ஒருத்தர், மாமியார் படுத்திருக்கும் கட்டில் பக்கத்தில் என்பார். என் முறை வந்தால் என்னிடம் ஒரே பதில்தான்.

"பெரம்பூர் ஸ்டேஷன்ல, பாஸ்டரம்மா. என் மகளுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்."

பெனிட்டா எனக்கு ஒரே பிள்ளை. நாலு வருஷம் முன்னால் தன்னோடு வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் நம் மார்க்கம் இல்லை. கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். இனிமேல் இந்தப் படி ஏறாதே என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இது சபைக்கே தெரியும். இப்போது அரக்கோணத்தில் இருக்கிறாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. என் மனைவி அவளோடு போனில் பேசுவாள். நான் உள்ளே வந்தால் வைத்துவிடுவாள். பேத்தியின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. கதவுக்கு வெளியே நின்று கேட்டதில் பாதிப் பெயர்தான் காதில் விழுந்தது.

தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். அரக்கோணத்திலிருந்து வரும் லோக்கல் நின்றதும் பெண்கள் பெட்டியைப் பார்ப்பேன். கைக்குழந்தையோடு யார் இறங்கினாலும் எழுந்துவிடுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் அழுதிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெபக்குறிப்புப் பெட்டி ஒன்று வைப்பார்கள். அதில் நாலு வருஷமாக ஒரே சீட்டுதான் போடுகிறேன்: 'மகள் வீட்டுக்கு வர ஜெபிக்கவும். ஞானசிகாமணி.' முன்னே இருந்த போதகர்கள் அதை வாசித்துவிட்டு, "நம்ம சகோதரர் மகள் மனந்திரும்பி வீடு வந்து சேர" என்று ஜெபிப்பார்கள்.

போன வெள்ளி ஹெப்சிபா அம்மா அந்தச் சீட்டை எடுத்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, உம்முடைய அடியார் ஞானசிகாமணி தம்முடைய மகள் வீட்டுக்கு வர வழி திறந்தருளும்."

சபை முழுக்க ஆமென் சொன்னது. என் மனைவியின் ஆமென்தான் உரக்கக் கேட்டது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஜெபம் முடிந்ததும் நேரே அவரிடம் போனேன்.

"பாஸ்டரம்மா, சீட்டைத் தப்பா வாசிச்சிட்டீங்க."

"அப்படியா? நீங்களே வாசிங்க."

வாசித்தேன். "மகள் வீட்டுக்கு வர."

"நானும் அதைத்தானே வாசிச்சேன்?"

"மகள், வீட்டுக்கு வரணும். என் வீட்டுக்கு. அவ வரணும்."

"ஓ, அப்படியா? சீட்டில 'என்'னும் இல்ல, 'அவ'வும் இல்லையே அங்கிள்."

"நாலு வருஷமா எல்லாரும் சரியாத்தானே புரிஞ்சுக்கிட்டாங்க?"

"எல்லாருக்கும் புரிஞ்சுது. ஆண்டவருக்கு எப்படிப் புரிஞ்சுதோ."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. "நான் சும்மா சீட்டுப் போட்டுட்டு வீட்ல உட்காரல, தெரியுமா? தினம் போய் நிக்கிறேன். மழையில நின்னிருக்கேன். ஜுரத்தோட நின்னிருக்கேன்."

"இன்னைக்கும் போவீங்களா?"

"போவேன்."

"நானும் வர்றேன்."

நடந்தே போனோம். நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சைக் காட்டினேன். உட்கார்ந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"படி ஏறாதேன்னு சொன்னது யாரு அங்கிள்?"

"நான்தான்."

"அதுக்கப்புறம், வான்னு சொன்னீங்களா?"

"ஆண்டவர்கிட்ட சொன்னேன்."

"அவகிட்ட?"

தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"சின்னப் பிள்ளையில சொன்ன பேச்சுக் கேட்பாளா?"

"கேட்பா. ஒரு தடவை சொன்னா போதும்." சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது.

வண்டி வந்தது. எழுந்து நின்றேன். பெண்கள் பெட்டியிலிருந்து காலேஜ் பிள்ளைகள் இறங்கினார்கள். பூக்கூடையோடு ஒரு அம்மா இறங்கினார். பச்சைப் புடவையில் ஒருத்தி தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். இரண்டடி முன்னால் போய்விட்டேன். அவள் வேறு யாரோ. குழந்தை மட்டும் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு போனது. வண்டி கிளம்பிப் போயிற்று.

எனக்குத் தாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை வருஷம்தான் கேட்கிறது பாஸ்டரம்மா? எனக்குன்னு ஒரு வண்டி அனுப்ப மாட்டாரா அவர்?"

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி கரகரத்தது. ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்தார்கள்.

"அங்க வரப்போறது என்ன வண்டி அங்கிள்?"

"அரக்கோணம் போறது."

"அடிக்கடி உண்டா?"

"அரை மணிக்கு ஒண்ணு."

அவர் கையோடு கொண்டுவந்திருந்த என் சீட்டை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். சின்னதாகச் சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில இருந்துட்டு, பிளாட்பாரம் மாறி நிக்கிறீங்களே அங்கிள்."