கேட்டுக்கொண்ட அரசர்

வெண்ணாவல் நாட்டு அரசர் கனகமாறனுக்குக் கேள்வி கேட்கப் பிடிக்கும். பதில் சொல்லத்தான் பிடிக்காது.

அதனால்தான் ஏழு நாட்டுச் சபை அமைந்தபோது முதல் ஆளாக முத்திரை வைத்தார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டையும் மற்ற ஆறு நாடுகளும் விசாரிக்கும். "உம் குடிகளை எப்படி நடத்துகிறீர்?" என்று பக்கத்து நாட்டானைக் கேட்கலாமே! தன் முறையும் வரும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

வந்தது.

வெண்ணாவலில் ஒரு பழைய சட்டம் இருந்தது. ஆணாய்ப் பிறந்தவர் சேலை கட்டினால் சிறை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து குடும்பம் நடத்தினாலும் சிறை. அந்தச் சட்டத்தால் பதினொரு பேர் உள்ளே கிடந்தார்கள். ஒரே வீட்டில் வாழ்ந்த உப்பு விற்கும் பெண்கள் இருவர், இப்போது வேறு வேறு அறைகளில். படகுத்துறையில் ஓடம் தள்ளிய திருநங்கை செவ்வந்தி இன்னொருத்தி. அவள் தம்பி மாசிலான் அரண்மனைக் காவலன். வாரம் ஒருநாள் சோறு கொண்டுவந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "சாப்பிடுக்கா" என்பான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வராது.

சபையில் ஆறு அரசர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அந்தச் சட்டத்தை நீக்குங்கள். அந்தப் பதினொரு பேரையும் விடுங்கள்."

கனகமாறனுக்கு வேர்த்தது. பக்கத்திலிருந்த மந்திரி விருப்பண்ணர் காதோடு காதாகச் சொன்னார்:

"அரசே, ஏற்கிறோம் என்றால் செய்யவேண்டும். மறுக்கிறோம் என்றால் கெட்ட பெயர். 'நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம்' என்று சொல்லிவிடுங்கள். காதில் விழுந்தது, அவ்வளவுதான்!"

அரசர் பூரித்துப்போனார். எழுந்து நின்று, "நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம்!" என்றார். சபை கை தட்டியது. ஓலை எழுதும் ஏகாம்பரம் அதை எழுத்துப் பிசகாமல் எழுதி, முத்திரையும் வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் ஏகாம்பரம் நேரே சிறைக்குப் போனார். ஓலையைக் காட்டினார்.

"ஆறு அரசர்கள் 'விடுங்கள்' என்றார்கள். நம் அரசர் அதைக் கேட்டுக்கொண்டார். இதோ முத்திரை."

சிறை அதிகாரி இரண்டு தரம் படித்தார். முத்திரை சரியாக இருந்தது. கதவைத் திறந்துவிட்டார்.

உப்புக்காரப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். செவ்வந்தி மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"ஐயா, திரும்பப் பிடிக்க வருவார்களா?"

"வருவார்கள்" என்றார் ஏகாம்பரம். "முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். நீ போ தாயி."

மறுநாள் ராஜசபையில் விருப்பண்ணர் குதித்தார். "துரோகம் அரசே! இந்த ஆள் கைதிகளைத் திறந்துவிட்டுவிட்டார்!"

"ஓய் ஏகாம்பரம்!" அரசர் சீறினார். "யாரைக் கேட்டுச் செய்தீர்?"

"தங்களைக் கேட்டுத்தான் அரசே. சொன்னதைக் கேட்டுக்கொண்டோம் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?"

"கேட்டோம் என்றுதானே சொன்னேன்! செய்வோம் என்றா சொன்னேன்? கேட்பது என்றால் காதில் விழுவது, அவ்வளவுதான்! அடேய் காவலா, இவரைப் பிடித்துக் கட்டு!"

வாசலில் வேலோடு நின்றவன் மாசிலான். அடுத்து அவன் சொன்னது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

"கேட்டுக்கொண்டேன் மகாராஜா" என்றான். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"பிடி என்கிறேன்!"

"அதையும் கேட்டுக்கொண்டேன் மகாராஜா."

அரசருக்கு முகம் சிவந்தது. "நான் சொல்வதைக் கேட்கமாட்டாயா நீ?"

ஏகாம்பரம் கைகூப்பினார். "அரசே, அவன் ஒருதரமல்ல, இரண்டுதரம் கேட்டுவிட்டான். செய்யத்தான் இல்லை. கேட்பது என்றால் காதில் விழுவது மட்டும்தான் என்றால், அவன்மேல் குற்றமில்லை. சொன்னபடி செய்வது என்றால், என்மேல் குற்றமில்லை. எங்களில் யாரைக் கட்டலாம், தாங்களே சொல்லுங்கள்."

அரசர் மாசிலானைப் பார்த்தார்.

"உனக்கு இதில் என்னடா அக்கறை?"

"செவ்வந்தி என் அக்கா மகாராஜா. நேற்று ராத்திரிதான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள்."

அரசர் மீசையை நீவினார். பிறகு சிரித்துவிட்டார், வயிறு குலுங்க. "நானே கேட்ட பிறகு, நானே எப்படி இல்லையென்பது? ஓய், அந்தச் சட்டத்தை அழித்து ஓலை எழுதும்!"

"அரசே, அவசரப்படாதீர்கள்" என்று விருப்பண்ணர் பதறினார்.

"மந்திரியாரே, நீர் சொன்னதையும் கேட்டுக்கொண்டோம்" என்று அரசர் முத்திரையைக் குத்தினார். ஏகாம்பரத்துக்குத் தன் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

ஐந்து வருஷம் கழித்து அடுத்த விசாரணை வந்தது. ஆறு அரசர்களும் புகழ்ந்தார்கள். கனகமாறன் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் என் யோசனைதான்! என் நாட்டில் இனி ஒருநாளும் அந்தச் சட்டம் திரும்பாது!"

ஏகாம்பரம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அப்படியே எழுதி, சூடு ஆறுமுன் முத்திரையும் வாங்கிக்கொண்டார்.