பொந்துக்குள் கேட்ட பாராட்டு

அநியாயம் நடந்தது பெண் இருவாச்சிக்கு. ஊட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த புருஷனே அவளைப் பொந்துக்குள் பட்டினி போட்டான்.

இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண் குழைத்துப் பூசி மூடிக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே இறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. ஆண் பறவைதான் தொண்டை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டவேண்டும்.

அவனும் முதலில் ஒழுங்காகத்தான் ஊட்டினான். இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. அப்போதுதான் ஒரு மைனா தன் கூட்டத்தோடு அவனை வழிமறித்தது.

"அண்ணே! இந்தக் காட்டில் உங்களைப் போல் ஒரு புருஷன் உண்டா! எப்படித்தான் ஊட்டுகிறீர்களோ! எங்களுக்கும் செய்து காட்டுங்களேன்!"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பழத்தைக் கக்கி மைனாவின் வாயில் வைத்தான்.

"ஆஹா! இன்னொரு தடவை! பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை!"

தொண்டை காலியாகும்வரை காட்டினான். மறுநாளும் அதே கூத்து. மைனாக் கூட்டம் கொழுத்தது.

பொந்துக்குள் அவளுக்கு மைனாக்களின் சிறகுதட்டல் மட்டும் தூரத்தில் கேட்டது. அவன் வெறும் தொண்டையோடு வந்து சேர்ந்தான்.

"என்னங்க, பழம் எங்கே? குஞ்சுகள் துவளுகின்றன!"

"காடே என்னைப் பார்க்க வந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் தின்கிறவளுக்கு இவ்வளவு அவசரமா!"

"என்னை உட்காரச் சொன்ன வழக்கம்தானே உங்களை ஊட்டவும் சொன்னது?"

அவன் பறந்துவிட்டான். சுவரை உடைத்தால் பாம்பு வரும், உடைக்காவிட்டால் பசி. அவள் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கிடந்தாள்.

ஒருநாள் மைனா பெருங்கூட்டத்தோடு பொந்துக்கே வந்தது. அவனும் மார்பை நிமிர்த்திக்கொண்டு கூடவே வந்தான்.

"அண்ணி! அண்ணனுக்கு இன்று 'உத்தமப் புருஷன்' பட்டம்! நீங்களும் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள்!"

கீறல் வழியே அலகு மட்டும் நீண்டது. அவன் அவசரமாகத் தொண்டையைக் குலுக்கினான். ஒரு பழம்கூட வரவில்லை.

"சின்னது விடியும்போது செத்துவிட்டது" என்றாள் அவள். "பெரியதற்குக் கத்தவும் தெம்பில்லை. பட்டத்தை அவருக்கே கட்டுங்கள். ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள்: பசித்த வாய்க்குப் போய்ச் சேராத பழத்துக்காக வாங்கிய புகழ், அந்த வாயிலிருந்தே பிடுங்கிய திருட்டு!"