பின்பக்கம் தூக்கி நின்ற கார்

தூத்துக்குடி பைபாஸில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் கார்களுக்கென்றே ஒரு பட்டறை இருந்தது. குரு நிலோஃபருக்கு வயது முப்பத்திநான்கு. சீடர் தங்கப்பழத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உப்பு லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தவர், காற்று வேலையையும் கற்றுக்கொள்ளலாமே என்று வந்து சேர்ந்தார். அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று முதன்முறையாக ஒரு காரை அவரிடம் தனியாக விட்டிருந்தாள். பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்ற கார். சாயங்காலம் கார்க்காரர் வந்துவிடுவார். இது அமையாவிட்டால் லாரி ஷெட்டுக்கே திரும்பிவிடுவது என்று தங்கப்பழம் தீர்மானித்து, தன் பழைய லாரி ஸ்பேனர்களைப் பையில் கட்டியும் வைத்துவிட்டார்.

வேலை என்னவோ சின்னதுதான். பின்சக்கரத்தருகே, வண்டியின் உயரத்தைப் பார்த்துச் சொல்லும் சென்சாரின் கம்பியை லேசாகத் திருக வேண்டும். மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும். காற்றுப் பையிலிருந்து வேண்டியதை விடும், வேண்டியதை ஏற்றும்.

தங்கப்பழம் திருகினார். டேப் வைத்து அளந்தார். வண்டி அசையவில்லை. இன்னும் திருகினார். அப்போதுதான் முதல் திருகலுக்கு வண்டி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. ஐயோ, அதிகமாகிவிட்டது என்று எதிர்ப்பக்கம் திருகினார். ஏறத் தொடங்கியது. ஏறும்போதே மறுபடி திருகினார். பார்ப்பவர்களுக்கே தலை சுற்றும். இப்படியே மத்தியானமாகிவிட்டது.

கடைசியாக ஒரு திருகு திருகிவிட்டு, ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவளிடம் போனார். நிலோஃபர் அப்போதுதான் வடையைக் கடித்திருந்தாள்.

"டீச்சர், அந்த வண்டி ஏன் நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது?"

கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"சென்சாரு போச்சா?"

அவள் மென்றாள்.

"காத்துப் பைய மாத்திப் பாப்பமா?"

தண்ணீர் டம்ளரை எடுத்தாள்.

"இல்ல, எனக்குத்தான் இது வராதா? அதச் சொல்லிருங்க. நான் இப்பமே கெளம்புதேன்."

எத்தனையோ லாரிகளை நிமிர்த்திய தன்னை ஒரு கார் இப்படிப் படுத்துகிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

நிலோஃபர் டம்ளரை டக்கென்று வைத்தாள். அவளுக்கும் எரிச்சல்தான்.

"மொதக் கேள்விக்கே பதில் சொல்லத்தான் அண்ணாச்சி பாத்தேன். வாயில வடை. முழுங்கதுக்குள்ள நாலு கேட்டுட்டீய."

பின்னால் காரிலிருந்து உஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம் கேட்டது. தங்கப்பழம் பதறிப்போய் ஸ்பேனரை எடுக்கத் திரும்பினார்.

நிலோஃபர் பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. அது இன்னும் முழுங்கல."