சிம்மாசனத்தில் கட்டிய பரிசல்

செங்காட்டூரை ஆண்ட கம்பீரவர்மருக்கு ஒரு வியாதி உண்டு. காலையில் யார் எதைச் சொன்னாலும் மதியத்துக்குள் அதைச் சட்டமாக்கிவிடுவார்.

ஒருநாள் பிரதானி கோதண்டராயர் காலையிலேயே முந்திக்கொண்டார்.

"அரசே, வருகிறவன் எல்லாம் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போகிறான். நல்ல தலைவன் இதற்கு இடம் கொடுக்கலாமா? இனிமேல் தீர்வோடு வரட்டும். வெறுங்கையோடு வந்தால் கசையடி!"

மன்னருக்குப் புல்லரித்துவிட்டது. மதியம் ஊரெல்லாம் தமுக்கு அடித்தாகிவிட்டது.

அதற்கப்புறம் அரண்மனைப் பக்கம் யார் வருவார்? குறை கேட்கும் மண்டபத்தில் காவலர்கள் ஈ ஓட்டினார்கள். அந்தப்புரக் கூரை ஒழுகியது. சொல்ல ஆளில்லை. ராணியார் குடை பிடித்துக்கொண்டு தூங்கினார். மன்னரோ மீசையை முறுக்கிவிட்டு, "பார்த்தீரா பிரதானி! என் நாட்டில் பிரச்சினையே இல்லை!" என்று பூரித்துப்போனார்.

அந்த அவையில் செவந்தியப்பன் என்று ஒருவன் இருந்தான். மன்னரைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். வாய் நீளம், உடம்பு குச்சி. கசையடிக்கெல்லாம் தாங்காத உடம்பு என்பது அவனுக்கே நன்றாகத் தெரியும். அதனால் அவனும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான்.

ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழியில் மடைக்கார மொக்கையனைப் பார்த்தான். பெரிய ஏரியின் மதகைக் காவல் காக்கிற ஆள். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் குப்புறக் கிடந்தான். அவன் பெண்டாட்டி முதுகில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா ஆச்சு?"

"ஏரிக்கரையில ஓட்டை விழுந்திருக்கு சாமி. மதகுக்குப் பக்கத்துல தண்ணி கசியுது. ஓடிப்போய் பிரதானிகிட்ட சொன்னேன். தீர்வு எங்கேன்னு கேட்டாரு. ஊரே திரண்டு மண்ணு கொட்டணும், அதுக்கு ராசா உத்தரவு போடணும்னேன். 'உத்தரவு கேக்குறதெல்லாம் ஒரு தீர்வாடா'ன்னு முதுகை உரிச்சிட்டாரு."

"சரி, மழை வந்தா?"

"வீட்டுக்குள்ளேயே மீன் பிடிக்கலாம் சாமி."

"நாங்க மேட்டுல எங்க அம்மா வீட்டுக்குப் போறோம். நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க" என்றாள் அவன் பெண்டாட்டி.

செவந்தியப்பன் மேற்கே பார்த்தான். வானம் கறுத்திருந்தது. அவன் வீடு ஊரிலேயே பள்ளமான தெருவில். சின்னவள் இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள். சொன்னால் முதுகு போகும். சொல்லாவிட்டால் ஊரே போகும். வீட்டுக்குப் போகாமல் ஆற்றங்கரைக்கு நடந்தான்.

மறுநாள் மன்னர் அவைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிம்மாசனத்தின் காலில் பெரிய பரிசல் ஒன்று கட்டியிருந்தது. முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று செவந்தியப்பன் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓய், என்ன இது?"

"தீர்வு, அரசே."

"எதற்குத் தீர்வு?"

"கையைக் கொஞ்சம் தூக்குங்கள், சொல்கிறேன்."

மன்னர் கையைத் தூக்கினார். நீச்சல் பழகும் பிள்ளைகளுக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரி காய்ந்த சுரைக்குடுக்கைகளை மன்னரின் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். மன்னர் பலாமரம் மாதிரி ஆகிவிட்டார்.

பிரதானி பாய்ந்து வந்தார். "அரசரைக் கேலியா செய்கிறாய்? என்ன பிரச்சினை என்று சொல்லடா!"

"தீர்வோடு வா என்றுதானே பிரதானியாரே தமுக்கு அடித்தீர்கள்? பிரச்சினையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லையே."

"நான் கேட்கிறேன். சொல்" என்றார் மன்னர்.

"சொல்லலாம் அரசே. ஆனால் என்னிடம் இருப்பது தங்கள் ஒருவருக்கான தீர்வுதான். ஊராருக்கு என்னிடம் தீர்வு இல்லை. அவர்களைப் பற்றிப் பேசினால் கசையடி. ஆகவே தங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் மூழ்க மாட்டீர்கள்."

வெளியே இடி உறுமியது.

"நான் ஏனய்யா மூழ்க வேண்டும்?" மன்னரின் குரல் கீச்சென்று வந்தது. "அடி கிடையாது. முழுசாகச் சொல்!"

செவந்தியப்பன் சிரிக்கவில்லை. "பெரிய ஏரிக்கரை உடையப் போகிறது அரசே. அடைக்கிற வழி தங்கள் உத்தரவில் இருக்கிறது. அதைக் கேட்க வந்தவன் முதுகு வீங்கிக் குப்புறக் கிடக்கிறான்."

மன்னர் ஒரு நொடி பிரதானியைப் பார்த்தார். அடுத்த நொடி இடுப்பில் குடுக்கைகள் கடகடக்க ஏரிக்கு ஓடினார். மந்திரிகள், படை, குதிரைக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லாரும் பின்னால் ஓடினார்கள். பனந்தடி, வைக்கோல், மண்மூட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொட்டினார்கள். மன்னரே கூடை சுமந்தார். அரசர் சுமக்கும்போது பிரதானி சும்மா நிற்க முடியுமா? அவர் தலையிலும் ஒரு கூடை ஏறியது. ஓட்டை அடைபட்ட பிறகுதான் மழை கொட்டியது. கரை நின்றது.

மன்னர் மதகோரமாகச் சேற்றிலேயே உட்கார்ந்தார். "வீடு பற்றி எரிகிறது என்று கத்தியவனைப் பார்த்து, தண்ணீர் எங்கே என்று கேட்டு அடித்திருக்கிறேனே" என்றார். அங்கேயே சட்டத்தை ரத்து செய்தார். மொக்கையனுக்கு ஒரு ஜோடி காளை. செவந்தியப்பனுக்குத் தன் கழுத்து முத்துமாலை.

அப்புறம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் ஓய், ஒரே ஒரு பரிசல்தானே கட்டியிருந்தீர். உம் கதி?"

"தங்களுக்குத் துடுப்புப் போடத் தெரியாதே அரசே. ஒருவன் கூட வந்துதானே ஆகவேண்டும்? அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, நம் பிரதானியார்?"

தலையிலிருந்து பெருந்தொந்தி வரை சேறு வழிய நின்ற கோதண்டராயரைச் செவந்தியப்பன் மேலும் கீழும் பார்த்தான்.

"அவரையும் ஏற்றிக்கொள்ள ஆசைதான் அரசே. ஏற்றினால் பரிசல் கவிழ்ந்துவிடும். அந்தப் பிரச்சினைக்கு எனக்குத் தீர்வு கிடைக்கவில்லை. அதனால்தான் தங்களிடம் சொல்லவில்லை."