நசுங்கிய அண்டா

“ஏட்டி, புது அண்டா விலையை வச்சிட்டுப் போ,” என்று வாடகைப் பாத்திரக் கடை ஞானதிரவியம் சீட்டை நீட்டினார். பாத்திரம் நசுங்கினால் புதிதின் விலையைத் தரவேண்டும் என்று அதில் இருந்தது. கல்யாண வீட்டில் சமைத்த கூலி முழுவதையும் தங்கபுஷ்பம் மேசையில் வைத்தாள். பிறகு விளிம்பு நசுங்கிய அண்டாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள்.

“ஏட்டி, அதை எங்க கொண்டுபோற?”

“விலை கொடுத்தாச்சே அண்ணாச்சி. இனி இது எனக்குள்ளது.”

“நாளைக்கு ஒரு விசேஷத்துக்கு அது போகணும்! ரெண்டு தட்டு தட்டினா சரியாயிரும்.”

“அப்போ தட்டுற கூலியை மட்டும் எடுத்துக்கிடுங்க. இல்லன்னா அண்டா என் வீட்டுக்குத்தான் போகும்.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானதிரவியம் ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவள் பக்கம் தள்ளினார்.

வாடகைக்குக் குண்டான் எடுக்க வந்த ஒருவர், அதைக் கவிழ்த்து, அடியில் பழைய நசுங்கல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.