வெராக்ரூஸில் கஸ்பார் வைத்த குழம்பு

எங்கள் மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்கு யார் தலைமைச் சமையல் என்று முடிவு செய்யக் கூடியிருந்தோம். ஊர்ச் சமையல்காரர் மரியசிலுவை என்று ஏற்கெனவே பேசி முடித்த விஷயம்தான். கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதற்குள் கஸ்பார் எழுந்து நின்றுவிட்டான். கப்பலில் உலகம் சுற்றி வந்தவன். ஊருக்கு ஒரு தடவையாவது கரண்டி பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு அப்படி ஓர் ஆசை. பாவம்தான். ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டான்.

"கப்பல்ல நீரு வெங்காயம் உரிச்ச ஆளுதானவே?" என்றான் கூட்டத்தில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த இன்னாசி.

"உரிச்சேன். வெராக்ரூஸ்ல இறங்குற வரைக்கும். மெக்சிகோவுல கடற்கரைப் பட்டணம். அங்க அடிக்கிற வெயிலுக்கு நம்ம அக்னி நட்சத்திரமெல்லாம் மார்கழி. வலை போட்டா மீனு அவிஞ்சுதான் வரும். வெவரமான ஆளுவ வலைய வீசும்போதே புளியையும் கரைச்சு ஊத்திருவானுவ. கரைக்கு வர்றதுக்குள்ள குழம்பு."

"உப்பு?" என்றான் இன்னாசி.

"கடல்லயே இருக்குல்லா! வெயில் முடிஞ்சா வடக்கருந்து ஒரு காத்து. நான் உலையில போட்ட அரிசி பறந்துபோயி, ரெண்டு தெரு தள்ளி ஒரு பொம்பள பானையில வெந்துச்சு. அவ பருப்பு என் சட்டியில வந்து விழுந்துச்சு. அன்னைக்கு சோறு அவ வீட்ல, சாம்பார் என் வீட்ல."

விழாக் கமிட்டித் தலைவர் தொம்மை அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி "ம்ம்" என்றார். அது போதும் கஸ்பாருக்கு.

"பழைய சரித்திரம் உள்ள ஊரு அண்ணாச்சி. கடற்கொள்ளைக்காரன் வந்து, சனத்தையெல்லாம் கோயிலுக்குள்ள போட்டுப் பூட்டிட்டு ஊரையே வழிச்சுட்டுப் போனான்."

"அது முந்நூறு வருஷத்துக்கு முன்னாலவே" என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அது மொத தடவை. ரெண்டாம் தடவை வரும்போது நான் இருந்தேன். கோட்டையில பீரங்கி இருக்கு, குண்டு இல்ல. நான் வறுத்து இடிச்ச மிளகாப்பொடியத் திணிச்சு ஒரு போடு! அவனுவ மொத்தமாத் தும்முனதுல பாய் பின்பக்கமா உப்பி, கப்பல் வந்த வழியே போயிருச்சு."

"இவன் புளுகுக்கு ஒரு அளவே இல்லியா?" என்றான் இன்னாசி.

"அங்க திருவிழாவ எப்படித் தொடங்குவானுவ தெரியுமா? சிடுசிடுப்புக்கு ஒரு பொம்மை செஞ்சு கொளுத்திருவானுவ. பொறவு ஊர்ல ஒருத்தனும் மூஞ்சியத் தூக்கக்கூடாது. அந்த வருஷம் பொம்மைக்குப் பக்கத்துல நான் கறிக்குழம்பு தாளிச்சேன். வாசம் பட்டதும் பொம்மை சிரிச்சிருச்சு. சிரிக்கிற பொம்மைய எப்படிவே கொளுத்த? வேற சிடுமூஞ்சி தேடுனா, என் குழம்பத் தின்ன ஊர்ல ஒண்ணுகூட இல்ல. கடைசில இன்னாசி போட்டோவக் குடுத்துத்தான் சமாளிச்சேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இன்னாசி சிரிக்கவில்லை.

"கல்லறைத் திருநாளு வந்துச்சு. நாம மெழுகுதிரி வைப்போம். அவனுவ கேந்திப்பூவாப் பரப்பி, செத்தவங்களுக்குப் பிடிச்சதச் சமைச்சு வச்சு, வந்து சாப்பிடுங்கன்னு காத்திருப்பானுவ. அந்த வருஷம் மொத்தச் சமையலும் நான். மாதா மேல ஆணையா..."

"மாதாவ இழுக்காத" என்றார் அண்ணாச்சி.

"சரி. கல்லறையத் தெறந்து எல்லாரும் பந்தியில வந்து உக்காந்தாவ. மறுபடி மறுபடி குழம்பு கேட்டாவ. விடிஞ்சும் போகல. இங்கனயே இருந்துக்கிடுதோம்னுட்டாவ! சொத்தப் பங்கு பிரிச்ச மகன்மாரெல்லாம் என் கால்ல விழுந்தானுவ. நான் கப்பல் ஏறுன பொறவுதான் அவுக குழிக்குத் திரும்புனாவ."

கஸ்பாருக்கு மூச்சு வாங்கியது. கண்கூடக் கலங்கியிருந்தது. சொன்னதை அவனே நம்பிவிட்டான் போல. அவனுக்காகக் கையைத் தூக்கிவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரிப்பா, முடிவச் சொல்லிருதேன். உசுரோட இருக்கவங்க பந்திக்கு மரியசிலுவை சமைக்கட்டும். செத்தவங்க பந்திய கஸ்பார் பாத்துக்கிடட்டும். சம்மதம்னா கையத் தூக்குங்க."

எல்லோரும் தூக்கினோம். கஸ்பாரும் தூக்கினான். தூக்கிய கையை இறக்காமலே கேட்டான்:

"அண்ணாச்சி, என் பந்திக்கு எத்தன ஆடு?"